புனையா ஓவியம்: ஹேக் நகரில் வான் கோ வரைந்த வீடும் வீதியும்

வண்ணம் ஏறாமல் கோட்டளவில் நிற்கும் படத்தைப் 'புனையா ஓவியம்' எனப் பழந்தமிழ் வழங்கிற்று. இத்தொடரை நெடுநல்வாடையிலும் காண்கிறோம், மணிமேகலையிலும் காண்கிறோம். முன்னதில், அரசன் பாசறையில் இருக்க, அணிகலன்களை நீக்கி அரண்மனைக் கட்டிலில் வருந்தியிருக்கும் அரசிக்கு அது உவமையாகிறது. பின்னதில், பிச்சைப் பாத்திரம் ஏந்தி ஆதிரையின் மனைக்கண் வந்து நிற்கும் மணிமேகலைக்கு உவமையாகிறது. இரண்டிடத்தும் அணி நீங்கிய பெண் ஒருத்தியே நம் கண்முன் நிற்கிறாள். வண்ணமின்மையை ஒரு குறையாக எண்ணாமல், உள்ளதை உள்ளவாறு காட்டும் ஒரு தன்மையாகவே அப்புலவர்கள் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

இன்றோ கோட்டுச் சித்திரத்தை நாம் பெரும்பாலும் முன்வேலையாகவே மதிக்கிறோம். மாளிகை எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடுவதுபோல, வண்ண ஓவியம் முடிந்ததும் கோட்டுப்படத்தை மறந்துவிடுகிறோம். வின்சென்ட் வான் கோ என்ற பெயரைக் கேட்டவுடன் 1888-ஆம் ஆண்டின் சூரியகாந்திப் பூக்களும், 1889-ஆம் ஆண்டின் விண்மீன் நிறைந்த இரவும் நினைவிற்கு வருகின்றன. அவற்றிற்கு ஆறேழு ஆண்டுகள் முன்னர், 1882, 1883 ஆகிய ஆண்டுகளில், ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் அவர் வரைந்து குவித்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 'பயிற்சிக் காலத்தவை' என்ற ஒரே சொல்லில் அடங்கிப் போகின்றன.

அப்படங்களுள் ஒரு பகுதி தம் வீட்டாரை வரைந்தவை; மற்றொரு பகுதி வீதியில் அன்றாடம் கண்ட ஏழை மக்களை வரைந்தவை. அவற்றைப் பயிற்சி என்று ஒதுக்குதல் பொருந்தாது என்பதும், அவற்றுள்ளும் புனைந்தவை எவை, புனையாதவை எவை என்று பிரித்துக் காண்பதே அவற்றை மதிப்பிடும் நெறி என்பதும் நம் கருத்து. இப்பிரிவினை கலைநயம் பற்றியது மட்டுமன்று. ஒரு பெண்ணின் வாழ்வுக்கு எஞ்சியுள்ள சான்று எது என்னும் வினாவும் இதனுள் அடங்கியிருக்கிறது.

ஷெங்க்வெக் வீட்டார்

வின்சென்ட் 1853 மார்ச் 30-இல் பிறந்தவர். கலைப்பொருள் விற்பனைக் கூடத்திலும், பின்னர் சமயப் பணியிலும் நிலைகொள்ளாமல், 1880-இல்தான் ஓவியராவதென்று உறுதிபூண்டார். 1881-இன் இறுதியில் தந்தையோடு பிணங்கி வீட்டைவிட்டு வெளியேறி, ஹேக் நகரின் புறத்தே ஷெங்க்வெக் என்னும் தெருவில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது 28. உறவினரும் புகழ்பெற்ற ஓவியருமான ஆன்டன் மோவ் சிறிது காலம் அவருக்கு வழிகாட்டினார். தம்பி தியோ பாரிஸிலிருந்து மாதந்தோறும் அனுப்பிய பணமே அவருடைய வாழ்வுக்கு ஆதாரம்.

1882-இன் தொடக்கத்தில் அவர் சியென் ஹூர்னிக் என்ற பெண்மணியைச் சந்தித்தார். சியென் 1850-இல் பிறந்தவர். தையல் வேலையும் வீட்டு வேலையும் செய்தவர். வறுமையால் தெருவில் உடலை விற்றுப் பிழைக்கும் நிலைக்கும் தள்ளப்பட்டவர். ஐந்து வயது மகள் ஒருத்தி உடனிருந்தாள். மற்றொரு குழந்தையை வயிற்றில் சுமந்திருந்த அவரைக் குழந்தையின் தந்தை கைவிட்டிருந்தான். சியெனும் அவருடைய தாயாரும் வின்சென்ட்டுக்கு முன் நாட்கூலிக்கு அமர்ந்து படமாயினர். அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் லைடன் நகர மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. அதே மாதத்தில் வின்சென்ட் அதே தெருவில் சற்றுப் பெரிய வீட்டிற்கு மாறி, சியெனையும் இரு குழந்தைகளையும் தம்மோடு வைத்துக்கொண்டார். தொட்டிலுக்கு மேலே, ரெம்பிராண்டின் ஓவியத்தை ஒட்டி அச்சிட்ட படம் ஒன்றை மாட்டினார். அதிலும் ஒரு தொட்டிலருகே இரு பெண்கள் அமர்ந்திருப்பர்.

கூலி தந்து அமர்த்திய மாதிரி, உணவைப் பகிரும் துணைவி ஆனார். இம்மாற்றத்தை அன்பின் வெற்றி என்று போற்றுவோர் உளர். ஓவியருக்குச் செலவின்றி மாதிரி கிடைத்தது என்று ஐயுறுவோரும் உளர். இவ்விரண்டில் எது உண்மை என்பதற்கு வின்சென்ட் தம்பிக்கு எழுதிய கடிதங்களைச் சான்றாகக் கொள்வது வழக்கம். தியோவுக்கு அவர் எழுதியவற்றுள் 600-க்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. ஆனால் அவை ஒரு தரப்பின் வாக்குமூலங்கள். அதிலும் பணம் அனுப்பும் தம்பியிடம் தம் வாழ்வை நியாயப்படுத்த எழுதியவை. சியென் எழுதிய கடிதம் ஒன்றேனும் நம் கைக்கு வந்து சேரவில்லை. ஆகவே அப்பெண்மணியின் தரப்பை நாம் எங்கேனும் தேட வேண்டுமாயின், அவர் அமர்ந்திருந்த படங்களில்தான் தேட வேண்டும்.

புனைந்த துயரம்

அப்படங்களுள் மிகுந்த புகழ் பெற்றது, 1882 ஏப்ரலில் வரைந்த 'துயரம்'. இதற்கு வின்சென்ட் இட்ட தலைப்பு ஆங்கிலச் சொல்லான 'சாரோ' என்பதே. இன்று இங்கிலாந்தில் வால்ஸால் நகரின் கலைக்கூடத்தில் உள்ளது. ஆடையற்ற ஒரு பெண் குந்தியிருக்கிறாள். முழங்கால்மேல் மடித்த கைகளுக்குள் முகம் புதைந்திருக்கிறது. வயிறு தாய்மையைக் காட்டுகிறது. கூந்தல் முதுகில் சரிந்து கிடக்கிறது. காலடியில் இளவேனிற்கால மலர்கள் அரும்பியுள்ளன. படத்தின் அடியில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷ்லேயின் வாசகம் ஒன்று. இவ்வுலகில் ஒரு பெண் துணையின்றிக் கைவிடப்படுவது எவ்வாறு நேர்கிறது என்று வினவுவது. அதுவரை தாம் வரைந்த மனித உருவங்களுள் இதுவே சிறந்தது என்று வின்சென்ட் கருதினார். உலகமும் பெரும்பாலும் அவ்வாறே கருதுகிறது.

இப்படத்தின் கோட்டு வலிமையை நாம் மறுக்கவில்லை. கழுத்திலிருந்து இடைவரை ஒரே வீச்சில் இறங்கும் முதுகின் கோடு, துன்பத்தின் பாரத்தைத் தானே சுமந்து நிற்கிறது. எனினும், இப்படத்தில் சியென் எங்கே இருக்கிறார் என்று கேட்டுப் பார்ப்போம். முகம் மறைந்துவிட்டது. ஆடை களையப்பட்டதால் அவர் எந்த ஊரினர், என்ன தொழிலினர் என்பதும் மறைந்துவிட்டது. அவர் அமர்ந்த அறையும் இல்லை. மலர்கள் குறியீடாகின்றன, வாசகம் விளக்கவுரையாகிறது, தலைப்பு முடிவுரையாகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் மண்ணைப் பற்றிக்கொண்டு பாதி பெயர்ந்து நிற்கும் மரவேர்களையும் வரைந்து, இரண்டிலும் வாழ்க்கைப் போராட்டம் என்ற ஒன்றையே வெளிப்படுத்த விரும்பியதாக வின்சென்ட் எழுதினார். பெண்ணும் வேரும் ஒரே கருத்துக்கு இரு எடுத்துக்காட்டுகள் ஆயின.

இப்படத்தில் வண்ணம் இல்லை. ஆனால் புனைவு உண்டு. வண்ணத்தால் புனையாமல் கருத்தால் புனைந்திருக்கிறார். படத்தைக் காண்போர் துயரத்தைக் கண்டு உருகுகின்றனர். அத்துயரத்திற்கு உரியவரைப்பற்றி அவர்கள் ஒன்றும் அறிவதில்லை.

அதே இளவேனிலில் வரைந்த வேறொரு படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இது ஓட்டர்லோவில் உள்ள க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சியென் கணப்படுப்பின் அருகே தரையில் அமர்ந்திருக்கிறார். கையில் ஒரு சுருட்டு. அவ்வளவே செய்தி. மலர் இல்லை, மேற்கோள் இல்லை. படத்தின் பெயர்கூடச் செய்தியை மட்டுமே சொல்கிறது. சுருட்டுப் பிடிக்கும் பெண்ணைக் குறித்து அக்காலச் சமூகம் என்ன நினைத்திருக்கும் என்று வின்சென்ட் அறியாதவரல்லர். தூய துயரத்தின் உருவமாகக் காட்ட வேண்டிய பெண்ணின் கையில் சுருட்டைக் கொடுக்க எந்தக் குறியீட்டு ஓவியரும் துணியமாட்டார். ஆனால் சியென் சுருட்டுப் பிடித்தார். அதனால் அது படத்தில் இருக்கிறது. வேலைக்கும் வேலைக்கும் இடையே கிடைத்த ஒரு சிறு ஓய்வு அவருக்கே உரியதாக அங்கே நிற்கிறது. பிறர் இரக்கத்தை அவர் அந்த நேரத்தில் வேண்டி நிற்கவில்லை. 'துயர'த்தில் நாம் காண்பது வின்சென்ட்டின் உள்ளம். இதில் காண்பது சியென்.

வேலையில் இருக்கும் கைகள்

அவ்வீட்டில் அடுத்த ஓராண்டுக் காலத்தில் பிறந்த படங்களுள் நம் மனத்தில் நிலைப்பவை எல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே. சியென் துணி தைக்கிறார், உருளைக்கிழங்கின் தோலைச் சீவுகிறார், குழந்தைக்குப் பாலூட்டுகிறார். இவற்றில் முகத்தைக் காட்டிலும் கைகளே நம்மோடு மிகுதியாகப் பேசுகின்றன. ஊசி பிடித்த கையில் கருத்து இருக்கும்போது முகத்தில் பாவனைக்கு இடமில்லை. படமாக அமர்ந்திருக்கிறோம் என்ற நினைவையே வேலை மறக்கச் செய்துவிடுகிறது. அமர்ந்திருப்பவர் ஓவியருக்காக எதையும் நடிக்க வேண்டியதில்லை. ஓவியரும் அவர்மேல் எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

1883 மார்ச்சில் வரைந்த 'தொட்டிலருகே மண்டியிட்ட சிறுமி' இவ்வகையில் தலைசிறந்தது என்போம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அருங்காட்சியகத்தில் இதனைக் காணலாம். சியெனின் மகள் தம்பியின் தொட்டிலருகே மண்டியிட்டிருக்கிறாள். ஐந்தாறு வயதுக் குழந்தையைக் குறும்புக் குழந்தையாகவோ தேவதையாகவோ காட்டுவது அந்நூற்றாண்டின் ஓவிய வழக்கம். இச்சிறுமி இரண்டும் அல்லள். தாய் வேலையில் இருக்கும்போது தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. அதை அவள் விளையாட்டாக எண்ணவுமில்லை, சுமையாக எண்ணவுமில்லை. ஏழை வீடுகளில் மூத்த பெண்குழந்தை இவ்வாறு பாதித் தாயாகி நிற்பதை நம் நாட்டில் யார்தான் கண்டதில்லை? அதனாலேயே ஹாலந்து நாட்டுச் சிறுமி நமக்கு அயலாளாகத் தோன்றுவதில்லை.

தொழில்நுட்பமும் இந்நோக்கத்திற்குத் துணைநின்றது. அவர் விரும்பிக் கையாண்டவை மெல்லிய எழுதுகோல்கள் அல்ல. தச்சர்கள் மரத்தில் குறியிடும் தடித்த பென்சில், கறுப்புச் சுண்ணக்கட்டி, கல்லச்சுக்குரிய மெழுகுக்கோல் ஆகியவை. இவற்றால் நகாசு வேலை செய்ய இயலாது. பட்டும் நகையும் வரைவதற்கு இவை உதவா. கம்பளித் துணியையும், மரப் பலகையையும், காய்த்துப்போன கையையும் வரைவதற்கே ஏற்றவை. பொருளுக்குத் தக்க கருவியை அவர் தேர்ந்துகொண்டார்.

வீதி வீட்டுக்குள் வந்த விதம்

இனி வீதிக்கு வருவோம். 1882 மார்ச்சில், ஆம்ஸ்டர்டாமில் கலைப்பொருள் வணிகம் செய்த அவருடைய சிற்றப்பா, ஹேக் நகரின் காட்சிகளாகப் பன்னிரண்டு சிறு படங்களை வரைந்து தரும்படி கேட்டார். படம் ஒன்றுக்கு இரண்டரை கில்டர் என்பது பேச்சு. நகரக் காட்சி என்றால் வாங்குவோர் எதிர்பார்ப்பது அரண்மனையும் குளக்கரையுமே. வின்சென்ட் வரைந்ததோ எரிவாயு ஆலையும், குறுகிய சந்துகளும், நகரின் புறம்பான பகுதிகளும். அடுத்து வந்த வேலையில், தம் சாளரத்திற்குப் பின்னால் தெரிந்த தச்சுப் பட்டறையையும் சலவைக் களத்தையும் வரைந்தார். துணிகள் உலர்கின்றன, மரக்கட்டைகள் கிடக்கின்றன, தொழிலாளர் தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். தூரங்களைச் சரியாக அளக்க, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிய ஒரு மரச்சட்டத்தைப் பின்னர்த் தச்சரைக் கொண்டு செய்வித்து, அதன் வழியே உலகைப் பார்த்தார்.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஸ்பாய் வீதியில் அரசு லாட்டரிச் சீட்டு அலுவலகத்தின் முன் கூடிய கூட்டத்தை நீர்வண்ணத்தில் தீட்டினார். மழைக் காலை; சீட்டு வாங்கக் காத்திருக்கும் முதியோரும் பெண்களும்; பெரும்பாலும் முதுகுகளே தெரிகின்றன. லாட்டரியில் தமக்கு நாட்டமில்லாததால் முதலில் அக்கூட்டம் தமக்கு வேடிக்கையாகவே தோன்றியதென்றும், 'ஏழைகளும் பணமும்' என்று எண்ணிப் பார்த்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்றென்றும் அவர் தம்பிக்கு எழுதினார். உணவுக்கு வேண்டிய காசை நம்பிக்கையின் பேரில் சீட்டில் இடும் எளியோரை அவர் ஏளனம் செய்யவில்லை. நெருக்கியடித்து நிற்கும் அம்முதுகுகளில் ஆசையும் வெட்கமும் சேர்ந்தே தெரிகின்றன.

ஆயினும் லாட்டரிப் படம் வீதியின் எதிர்ப்புறம் நிற்பவரின் பார்வையே. அதைக் கடந்து அவர் சென்ற இடம், 1883 மார்ச்சில் வரைந்த 'பொதுக் கஞ்சித் தொட்டி'. கஞ்சித் தொட்டி என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே ஆள்கிறோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் நம் மக்கள் பாத்திரமேந்தி நின்ற இடத்தின் பெயர் அது. ஹேக் நகரின் ஏழைமக்கள் பகுதியிலும் அத்தகைய இடம் ஒன்றிருந்தது. அங்கே அவர்களுக்கு வார்க்கப்பட்டது சூப்பு.

வின்சென்ட் அவ்விடத்தைச் சென்று பார்த்தார். பின்னர் அதைத் தம் அறைக்குள்ளேயே அமைத்தார். வெண்ணிறத் தடுப்பு ஒன்றை நிறுத்தி, சூப்பு வழங்கும் திறப்பை உண்மையான அளவிலேயே அதன்மேல் வரைந்துகொண்டார். மெய்யான இடத்தில் விழுவது போன்றே ஒளி விழும்படி அறையின் சாளரங்களில் சிலவற்றை மறைத்தார். அதன்முன் பாத்திரமேந்தி நின்றவர்கள் யார்? சியெனும், கைக்குழந்தையும், சிறுமியும், சியெனின் உறவினருமே. அவ்வீட்டாரே வீதியின் மக்களாயினர்.

இதனை நாடகம் என்று எவரேனும் குறைகூறக்கூடும். 'துயர'த்தைப் புனைவு என்ற நாம், அறைக்குள் கட்டிய கஞ்சித் தொட்டியைப் புனையா ஓவியம் என்பது முரண் அன்றோ என்றும் கேட்கலாம். வினா நியாயமானதே. விடை இதுதான்: சூப்புக்காகப் பாத்திரமேந்தி நிற்பது அவ்வீட்டாருக்குப் புதிய வேடம் அன்று. மாதக் கடைசியில் தியோவின் பணம் வருமுன் அவ்வீட்டில் அரிசிக்கு அலைவது போன்ற நிலை பலமுறை நேர்ந்ததை வின்சென்ட்டின் கடிதங்களே காட்டுகின்றன. கருத்தொன்றுக்கு உருவம் கொடுக்க அவர்கள் அங்கே நிற்கவில்லை. தாம் அறிந்த ஒரு செயலையே செய்து காட்டுகின்றனர். பாத்திரத்தைப் பிடிக்கும் விதம், குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொள்ளும் விதம், அடுத்தவர் நகரும்வரை பொறுத்து நிற்கும் விதம் ஆகிய இவற்றை ஓவியர் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை, அவர்களிடமிருந்து கற்றார். ஆதிரையின் மனைக்கண் பாத்திரமேந்தி நின்ற பெண்ணுக்குப் பழம்புலவர் கூறிய உவமை, இம்மகளிர்க்கும் சற்றும் மிகையின்றிப் பொருந்தும்.

வீதி மக்களை வரைவதற்கு அவருக்கு முன்மாதிரியாக விளங்கியவை இங்கிலாந்தின் 'தி கிராஃபிக்' போன்ற இதழ்களின் மரச்செதுக்குப் படங்கள். லூக் ஃபில்ட்ஸ், ஹெர்கோமர் முதலியோர் அவ்விதழில் வீடற்றோரையும் முதியோரையும் வரைந்தனர். 1870 முதல் 1880 வரையிலான அவ்விதழின் 21 தொகுதிகளை வின்சென்ட் 1883-இன் தொடக்கத்தில் வாங்கி மகிழ்ந்தார். தாமும் எளிய மக்களின் கைக்கு எட்டும் விலையில் கல்லச்சுப் படங்கள் வெளியிட விரும்பி, 1882 நவம்பரில் சிலவற்றை அச்சிட்டார். முதியோர் இல்லத்துக் கிழவர் ஒருவர் தலையைக் கைகளில் தாங்கிக் குனிந்திருக்கும் படம் அவற்றுள் ஒன்று. அக்கிழவரை வரைந்த வேறு சில படங்களில் அவருடைய உடையில் இருந்த 199 என்ற பதிவெண்ணையும் விடாமல் வரைந்தார். பிற்காலத்து ஆய்வாளர்கள் அந்த எண்ணைக் கொண்டே அவர் இன்னாரென்று கண்டறிந்தனர். ஓவியர் ஒரு சிறு செய்தியை உள்ளவாறு குறித்தமையால், எண்ணாக வாழ்ந்த ஒருவருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. புனையாமையின் பயன் இதனினும் தெளிவாக விளங்குமோ?

படத்தின் அடியில் எழுதும் சொல்

படத்தின் அடியில் எழுதும் சொல்லைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். இதன்பொருட்டு நம் நாட்டு ஓவியர் ஒருவரையும் இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 1943-இல் வங்கப் பஞ்சத்தின்போது, சித்தப்ரோசாத் மிதுனப்பூர் மாவட்டத்தின் ஊர்களிலும் சாலைகளிலும் நடந்து, கண்ட மனிதர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். 1915-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 28; வின்சென்ட் ஹேக் நகருக்கு வந்த அதே வயது. அப்படங்களும் குறிப்புகளும் அடங்கிய 'ஹங்ரி பெங்கால்' என்னும் சிறுநூலின் படிகளை ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. இவர் தம் படங்களோடு எழுதிய குறிப்புகளில் மேற்கோள்களைத் தேடிப் போகவில்லை. வரையப்பட்டவரின் பெயரையும் ஊரையும் அவருக்கு நேர்ந்ததையும் எழுதினார்.

மிஷ்லேயின் வாசகம் ஒரு பெண்ணை எல்லாப் பெண்களும் ஆக்கிற்று. சித்தப்ரோசாத்தின் குறிப்போ பஞ்சத்தில் மடிந்த எண்ணற்றோருள் ஒருவரைத் தனித்து எடுத்து, இவர் இன்னார் என்று நிறுத்திற்று. அரசு எதற்கு அஞ்சியது என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விரண்டனுள் வலிமை வாய்ந்தது எது என்பது விளங்கும். பொதுவான துயரத்தைக் கண்டு எவ்வரசும் அஞ்சுவதில்லை. ஆனால் சித்தப்ரோசாத் வழிச்செல்லும் சாட்சி. வரைந்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்ல வேண்டியவர். வின்சென்ட்டுக்கு வாய்த்த பேறு வேறு. தாம் வரைந்தவர்களோடு ஒரே கணப்படுப்பின் அருகே இருபது மாதங்களுக்குக் குறைவான ஒரு காலம் அவரால் வாழ முடிந்தது. பெயரை எழுத வேண்டிய தேவையே இன்றி, ஒரே பெண்மணியைப் பல நாள், பல வேலைகளில், பல மனநிலைகளில் வரைந்து, அடுத்தடுத்து வைத்தால் ஒரு வாழ்க்கையே தெரியும்படி செய்தார்.

பிரிவும் சான்றும்

அவ்வாழ்க்கை நீடிக்கவில்லை. கடன் பெருகியது, உறவினர் எவரும் அக்குடும்பத்தை ஏற்கவில்லை, தியோவும் பிரிவையே நல்லதென்று கருதினார். 1883 செப்டம்பரில் வின்சென்ட் தனியே வடக்கே திரெந்தே பகுதிக்குப் புறப்பட்டார். சியெனும் குழந்தைகளும் இறுதிவரை உடன் வந்தனர் என்றும், பிரிவு எளிதாக இல்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். இரண்டாண்டுகள் கழிந்து, 1885-இல் அவர் தீட்டிய 'உருளைக்கிழங்கு உண்போர்' உலகப் புகழ் பெற்றது. ஒரு விளக்கின் கீழ் ஒரே தட்டை நோக்கி நீளும் அக்கைகளை வரைய அவர் எங்கே கற்றார் என்பதை ஷெங்க்வெக் வீட்டுப் படங்களைக் கண்டவர்கள் அறிவர். சியெனோ வறுமையிலேயே உழன்று, 1904-இல் நீரில் வீழ்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

இம்முடிவை அறிந்தபின் 'துயரம்' என்ற படத்தை மீண்டும் நோக்குவோர், ஓவியர் அன்றே வருவது உரைத்தார் என்று வியக்கக்கூடும். அவ்வியப்பிற்கு நாம் இடங்கொடுத்தல் ஆகாது. அது, ஒருவருடைய வாழ்வு முழுவதையும் அவருடைய சாவைக் கொண்டு அளப்பதாகும். சியெனின் வாழ்வில் துயரம் இருந்தது. துயரம் மட்டுமே இருக்கவில்லை. சுருட்டுப் பிடித்த மாலையும், துணி தைத்த காலையும், மகளைத் தொட்டிலருகே நிறுத்திவிட்டு அடுப்பைக் கவனித்த பொழுதும் இருந்தன. எழுத்தில் ஒரு வரியும் விட்டுச் செல்லாத ஒருவருக்கு அத்தனை பொழுதுகளையும் காத்து வைத்தவை அந்தப் புகழ் குறைந்த படங்களே. வின்சென்ட் அவருக்குச் செய்த நன்மை எவ்வளவு, செய்யத் தவறியது எவ்வளவு என்று கணக்கிட நாம் யார்? ஆயினும் ஓவியராக அவர் அப்பெண்மணிக்குச் செலுத்திய கடன் இன்னதென்று கூறலாம். தம் கருத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்த நாட்களில் எல்லாம் அக்கடனைச் செலுத்தினார். கருத்தைப் புனைந்த நாளில் அவரிடமே கடன் பெற்றார்.

இதுபோன்ற மலர்களுக்கு இளைஞர்கள் ஆண்டுதோறும் படங்கள் வரைந்து அனுப்புகின்றனர். அவற்றில் பாரதமாதாவையும் தமிழன்னையையும், கண்ணீர் சிந்தும் ஏழையையும் நிறையக் காண்கிறோம். கைத்திறன் குறைவில்லை. ஆனால் தம் தாய் காய் நறுக்குவதையோ, தாம் குடியிருக்கும் தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் துணி மடிப்பதையோ, குடிநீர்க் குழாயடியில் குடங்களோடு நிற்கும் அண்டைவீட்டாரையோ வரைந்து அனுப்புவோர் மிகச் சிலர். அவை கலைக்குரிய பொருள்கள் அல்ல என்ற எண்ணம் போலும். பொருளைத் தேடி அவர்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வேலையில் இருக்கும் ஒரு கையை, அது எந்த வேலையைச் செய்கிறது என்று காண்பவருக்கு விளங்கும்படி வரைந்தால் போதும். படத்தின் கீழே ஏதேனும் எழுத விரும்பினால், அக்கைக்கு உரியவரின் பெயரை எழுதலாம்.